டி.சி.டி. செய்வது எப்படி: நெற்றிப்பொட்டு வழியாக மூளை ரத்த ஓட்டத்தைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக டி.சி.டி. பழக வருபவர்கள் எல்லோரும் முதல் நாள் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். புரோபை (ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியை) எடுத்து நோயாளியின் நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வைத்து, திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு, கையை அங்கும் இங்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில் திரும்பி "சார், சிக்னலே வரல" என்பார்கள். பெரும்பாலும் சிக்னல் அங்கேதான் இருக்கும். ஆழம் தவறாக இருந்திருக்கும், அல்லது ஜெல் போதாமல் இருந்திருக்கும், அல்லது சிக்னல் வந்த அரை விநாடியில் கை அதைத் தாண்டிப் போயிருக்கும்.

டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் என்பதன் சுருக்கம்தான் டி.சி.டி. மண்டையோட்டின் மெல்லிய இடம் வழியாக 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே அனுப்பி, மூளைத் தமனிகளில் ரத்தம் ஓடும் வேகத்தைக் காதாலும் வரைபடத்தாலும் பிடிக்கும் சோதனை. படம் காட்டாத சாதாரணக் கருவியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தமனியை வண்ணப் படமாகவும் காட்டும் கலர் டூப்ளெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். டெக்னீஷியன்கள், பி.ஜி. மாணவர்கள், ஐ.சி.யு.வில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கானது இது. வீட்டில் இருந்து படிக்கும் நோயாளியின் உறவினர் என்றால் 1, 9, 10 ஆகிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

1. கருவி எதை அளக்கிறது என்று முதலில் தெளிவாகுங்கள்

கருவி தருவது வேகம். செ.மீ./விநாடி. ஓட்டம் என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் போகிறது என்ற கணக்கு, அதை இந்தக் கருவி தராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதித் தவறான ரிப்போர்ட்டுகள் பிறக்கின்றன.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பாருங்கள். தண்ணீர் சீறிக்கொண்டு பாயும், ஆனால் அதே குடம் நிறைய முன்பைவிட நேரமாகும். தமனி சுருங்கினாலும் அப்படித்தான், வேகம் ஏறும், போய்ச் சேரும் ரத்தம் குறையலாம். மறுபக்கம், காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் தமனி சுருங்காமலே வேகம் ஏறும், அப்போது ஓட்டமும் உண்மையிலேயே கூடியிருக்கும். திரையில் இரண்டும் ஒரே 140 ஆகத்தான் தெரியும்.

வேகத்தை ஓட்டமாக மாற்ற முடியாதா என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவர் கேட்பார். கணக்குப் போடலாம்தான். நடுப்பெருமூளைத் தமனியின் (எம்.சி.ஏ.) உள்விட்டம் 3 மி.மீ. என்று வையுங்கள், கருவி காட்டும் சராசரி வேகம் 58. கருவி குழாயின் நடுவில் ஓடும் மிக வேகமான ரத்தத்தின் ஓரத்தைத்தான் வரைகிறது, ஆகவே குழாய் முழுவதற்குமான சராசரி தோராயமாக அதில் பாதி, 29. குறுக்குப் பரப்பால் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 123 மில்லி வரும். அழகான எண். ஆனால் விட்டம் உண்மையில் 2.7 மி.மீ. ஆக இருந்திருந்தால் விடை 100க்கு இறங்கிவிடும். 0.3 மி.மீ. பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு ரத்தம் காணாமல் போகிறது! அந்த விட்டத்தைத்தான் இந்தக் கருவியால் பார்க்கவே முடியாது.

மூளைக்கு 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி அளவு ரத்தம் வேண்டும், 20க்குக் கீழே போனால் நரம்புச் செல்கள் வேலை நிறுத்தம் செய்யும், 10 அளவுக்கு இறங்கினால் சாகத் தொடங்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த எண்கள் வேண்டுமென்றால் பெட், சி.டி. பெர்ஃப்யூஷன், எம்.ஆர்.ஐ.யில் ஏ.எஸ்.எல். என்று வேறு ஸ்கேன்களுக்குப் போக வேண்டும். டி.சி.டி.யின் பலம் வேறு: படுக்கைக்கே கொண்டுபோகலாம், ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, தினமும் செய்யலாம், ஒவ்வொரு இதயத் துடிப்பாகப் பார்க்கலாம். ஒரே ஆளை இன்றும் நாளையும் ஒப்பிடத்தான் இது லாயக்கு.

2. புரோபைத் தொடும் முன் எழுதி வைக்க வேண்டியவை

வயது, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, ஹீமோகுளோபின், காய்ச்சல் இருக்கிறதா, வென்டிலேட்டரில் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு அளவு. இவை இல்லாமல் ஸ்கேன் தொடங்காதீர்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் எழுத மாட்டீர்கள், நானும் எழுதியதில்லை.

காரணம் இருக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 1 மி.மீ. பாதரச அளவு மாறினால் மூளை ரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம் மாறும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும் ஒருவருக்கு அது 40இல் இருந்து 30க்கு இறங்கினால், ஒரு நோயும் இல்லாமலே வேகம் மூன்றில் ஒரு பங்கு சரிந்து நிற்கும். ஸ்கேன் நடுவே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டால் நேர்மாறாக ஏறும். ஹீமோகுளோபின் 7 உள்ளவரின் வேகத்தை 14 உள்ளவரின் வேகத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. குழந்தைகளுக்கு வேகம் இயல்பிலேயே பெரியவர்களைவிட அதிகம், வயது ஏற ஏறக் குறையும்.

காபியையும் கேளுங்கள். காபி மூளைத் தமனிகளைச் சுருக்கி ஓட்டத்தைக் குறைக்கும். வழக்கமான ஸ்கேனுக்கு அது பெரிய தடையில்லை, ஆனால் மூச்சுப் பிடிப்புச் சோதனை (11ஆம் பகுதி) செய்வதாக இருந்தால் காலை டிகிரி காபியைத் தள்ளிப்போடச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கேள்வியை எழுதுங்கள். "டி.சி.டி. ப்ளீஸ்" என்று மட்டும் எழுதிய சீட்டு வந்தால் போன் செய்து கேளுங்கள். தமனிச் சுருக்கமா, பக்கவாதத்துக்குப் பின் அடைப்பா, அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய்) உள்ள குழந்தையா என்பதைப் பொறுத்து எந்தத் தமனியில் அதிக நேரம் நிற்பது என்பதே மாறும்.

3. படுக்கை, நாற்காலி, முழங்கை

நோயாளி மல்லாந்து, தலை லேசாக உயர்ந்து, நேராகப் படுத்திருக்க வேண்டும். நீங்கள் தலைமாட்டில் உட்காருங்கள். நின்றுகொண்டு செய்தால் பத்தாவது நிமிடத்தில் தோள் வலிக்கும், கை நடுங்கும், சிக்னல் நழுவும். முழங்கையை மெத்தையில் ஊன்றி, சுண்டுவிரலை நோயாளியின் கன்ன எலும்பில் லேசாகத் தாங்கலாக வைத்தால் புரோப் அசையாது.

தோடு, ஜிமிக்கி, ஹேர் கிளிப், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் பொட்டுப் பக்கம் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புரோப் வழுக்கிக்கொண்டே இருக்கும். பேச வேண்டாம் என்றும், தூங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். "ஒண்ணும் வலிக்காதும்மா, ஜெல்லு மட்டும் சில்லுன்னு இருக்கும், உள்ள 'ஹ்ஷூ ஹ்ஷூ'ன்னு சத்தம் கேக்கும், அது உங்க ரத்தம் ஓடுற சத்தம்தான்" என்று முன்னாலேயே சொன்னால் பாதிப் பதற்றம் போய்விடும். பதற்றம் போனால் மூச்சு சீராகும், வேகமும் அதன் இயல்பான இடத்துக்கு வரும்.

4. கருவியை அமைக்கும் வரிசை

தொடக்கத்தில் இப்படி வையுங்கள்: ஆழம் 50 முதல் 55 மி.மீ., கேட் (எந்த ஆழப் பட்டையில் இருந்து சிக்னல் எடுப்பது என்பது) அகலம் 10 முதல் 15 மி.மீ., பவர் முழு அளவு, ஃபில்டர் குறைந்தபட்சம். திரையின் பூஜ்யக் கோட்டை நடுவில் வையுங்கள், மேலும் கீழும் பார்க்க இடம் வேண்டும். புரோபை நோக்கி வரும் ஓட்டம் கோட்டுக்கு மேலே காட்டுகிறதா என்று சரிபாருங்கள், முந்தைய ஷிஃப்ட்காரர் தலைகீழாக்கிவிட்டுப் போயிருப்பார்.

முழு பவரில் தொடங்குவது தப்பில்லையா என்பீர்கள். குறைந்த பவரில் இருபது நிமிடம் துழாவுவதைவிட முழு பவரில் இரண்டு நிமிடத்தில் ஜன்னலை (ஒலி உள்ளே நுழையும் மெல்லிய எலும்பு இடத்தை)க் கண்டுபிடித்துப் பிறகு குறைப்பதில் நோயாளி வாங்கும் ஒலி கம்மி. இது பொட்டுக்கும் பிடரிக்கும் மட்டும்தான். கண்ணுக்கு வேறு விதி, 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

கேட்டை அகலமாக வைப்பதற்கும் காரணம் உண்டு. சின்ன கேட்டில் தமனி கொஞ்சம் விலகினாலும் ஒன்றும் வராது. பெரிய வலையை வீசி மீனைப் பிடித்துவிட்டு அப்புறம் எந்த மீன் என்று பார்த்துக்கொள்ளலாம்.

5. ஜன்னலைத் தேடுவது

புதியவர்கள் தோற்பது இங்கேதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

கண்ணின் வெளி ஓரத்துக்கும் காதின் முன்பக்கத்துக்கும் நடுவே, கன்ன எலும்பு வளைவுக்குச் சற்று மேலே இருக்கும் பட்டைதான் உங்கள் எல்லை. அங்கே எலும்பு மெல்லியது. காதுக்கு நேர் முன்னே, வளைவை ஒட்டினாற்போல் தொடங்குங்கள், பெரும்பாலானவர்களுக்கு ஜன்னல் அங்கேயே கிடைக்கும். இல்லாவிட்டால் முன்னால் நகருங்கள், பிறகு மேலே.

ஜெல் தாராளமாக வேண்டும், கஞ்சத்தனம் வேண்டாம். புரோபுக்கும் தோலுக்கும் நடுவே காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. அழுத்த வேண்டாம். அழுத்தினால் எலும்பு மெலியப்போவதில்லை, நோயாளிக்கு வலிக்கும், அவ்வளவுதான்.

இரண்டு அசைவுகளைப் பிரித்துப் பழகுங்கள். இடம் மாற்றுவது ஒன்று, சாய்ப்பது ஒன்று. ஓரிடத்தில் புரோபை நிறுத்தி, இடத்தை மாற்றாமல், கடிகார முள் மாதிரி மெதுவாகச் சாய்த்து எல்லாத் திசையும் பாருங்கள். முன்னே லேசாக, மேலே லேசாக, பிறகு பின்னே. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் அரை செ.மீ. நகர்த்தி மறுபடி சாய்ப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவருக்கு, சிக்னல் வந்தாலும் எப்படி வந்தது என்று தெரியாது, போனால் திரும்பக் கொண்டுவரவும் தெரியாது.

திரையைப் பார்க்காதீர்கள், கேளுங்கள். வரைபடம் தெளிவாகும் முன்னாலேயே காது பிடித்துவிடும். தூரத்தில் பஸ் வருவது போல ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டால் கையை உறையவைத்து, மில்லிமீட்டர் கணக்கில் சாய்த்து, சத்தம் உரக்கக் கேட்கும்படி செய்யுங்கள். அப்புறம் கண்ணைத் தூக்கினால் போதும். கருவியில் எம்-மோடு இருந்தால் வேலை பாதியாகும், எல்லா ஆழத்தின் ஓட்டத்தையும் பட்டை பட்டையாக ஒரே நேரத்தில் காட்டிவிடும்.

பத்தில் ஒருவருக்காவது பொட்டு எலும்பு தடித்து ஜன்னலே இருக்காது. வயதான பெண்களிடம் இதை அதிகம் பார்ப்பீர்கள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமலும் இருக்கும். அப்போது "ஜன்னல் கிடைக்கவில்லை" என்றே எழுத வேண்டும். "ஓட்டம் இல்லை" என்று எழுதினால் அதன் பொருள் முற்றிலும் வேறு, படிக்கிற டாக்டர் தமனி அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

6. எம்.சி.ஏ.: இதில் இருந்துதான் தொடங்க வேண்டும்

நடுப்பெருமூளைத் தமனி பொட்டை நோக்கியே ஓடி வருகிறது. ஆகவே ஒலிக்கற்றையும் ரத்தமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் சந்திக்கின்றன. டாப்ளரில் கோணம் முக்கியம், கற்றைக்கும் ஓட்டத்துக்கும் 30 டிகிரி இருந்தால் கருவி உண்மையைவிட 13 சதவீதம் குறைவாகக் காட்டும். படம் காட்டாத கருவி கோணம் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்கிறது. எனவே கிடைத்த முதல் சிக்னலோடு திருப்திப்படாமல், சாய்த்துச் சாய்த்து அந்த ஆழத்தில் அதிகபட்ச வேகம் எங்கே வருகிறது என்று தேட வேண்டும். கோணப் பிழை வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அதனால் கிடைத்ததில் உயர்ந்த எண்ணே உண்மைக்குக் கிட்டத்தில் உள்ளது.

50இல் பிடித்ததும் புரோபை அசைக்காமல் ஆழத்தை மட்டும் 45க்குக் குறையுங்கள், பிறகு 50, 55, 60 என்று உள்ளே போங்கள். ஒவ்வொரு படியிலும் சேமியுங்கள். ஏன் இவ்வளவு படிகள் என்றால், சுருக்கம் தமனி முழுக்க இருக்க வேண்டியதில்லை. 50இல் 70, 55இல் 160, 60இல் 75 என்றால் 55இல் ஏதோ இருக்கிறது. ஒரே ஓர் ஆழத்தில் அளந்துவிட்டு நார்மல் என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

7. பிரிவைக் கண்டுபிடித்து மற்றவற்றுக்குப் போவது

ஏறக்குறைய 60 முதல் 65 மி.மீ.யில் ஒரு இடம் வரும், கோட்டுக்கு மேலே ஓர் அலை, கீழே ஓர் அலை, இரண்டும் ஒரே நேரத்தில். கழுத்தில் இருந்து வரும் உள் கரோடிட் தமனி எம்.சி.ஏ.வாகவும் ஏ.சி.ஏ.வாகவும் (முன்பெருமூளைத் தமனி) கிளை பிரியும் இடம் அது. மேலே இருப்பது எம்.சி.ஏ., கீழே இருப்பது ஏ.சி.ஏ. வழி தவறினால் திரும்பி வர வேண்டிய முச்சந்தி இதுதான். இதைப் பிடிக்காமல் பி.சி.ஏ.வை (பின்பெருமூளைத் தமனி) தேடிப் போகிறவர்கள் எதைப் பிடித்தோம் என்று தெரியாமல் பெயர் மட்டும் வைத்துவிட்டு வருவார்கள்.

இங்கிருந்து லேசாக முன்னும் மேலும் சாய்த்து ஆழத்தை 65 முதல் 75 வரை கொண்டுபோனால் ஏ.சி.ஏ., கோட்டுக்குக் கீழே, புரோபை விட்டு விலகி ஓடுவது. பெரியவர்களின் தலையில் நடுக்கோடு 70 முதல் 75க்குள் வந்துவிடும். அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கத் தமனிகள் கலந்துவிடும், திசைகளும் தலைகீழாகும்.

பி.சி.ஏ.வுக்கு, பிரிவுக்குத் திரும்பி வாருங்கள். ஆழம் 60 முதல் 70, புரோபைப் பின்னாலும் கொஞ்சம் கீழேயும் சாய்த்தால், நடுவே ஒரு மௌனமான இடைவெளி வந்து, பிறகு மெதுவான ஓர் ஓட்டம் கேட்கும். அந்த மௌனம்தான் நல்ல அடையாளம். சந்தேகமாக இருந்தால் இரண்டு வழி: ஆழத்தை 50க்குக் குறைத்துப் பாருங்கள், எம்.சி.ஏ. என்றால் சிக்னல் தொடரும், பி.சி.ஏ. என்றால் அறுந்துவிடும். இன்னொன்று, நோயாளியைக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள், பார்வைப் பகுதிக்கு ரத்தம் தருவது பி.சி.ஏ. என்பதால் கண் திறந்ததும் வேகம் கூடும்.

எந்தத் தமனி என்று அறிய கழுத்தில் கரோடிட்டை அழுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நீங்கள் செய்யாதீர்கள். அங்கே கொழுப்புப் படிவு இருந்தால் பெயர்ந்து மூளைக்குப் போகும், நாடியும் விழுந்துவிடலாம்.

8. கண், பிடரி, தாடை

கண் வழியாகச் செய்யும் முன் பவரைப் பத்தில் ஒரு பங்குக்குக் குறையுங்கள், மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (ஒலி திசுவை எவ்வளவு பாதிக்கலாம் என்று கருவி காட்டும் எண்) 0.23ஐத் தாண்டக் கூடாது. இதை முதலில் செய்துவிட்டுத்தான் இமையில் ஜெல் வைக்க வேண்டும், வைத்த பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு நாள் மறப்பீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அண்மையில் கண் ஆபரேஷன் ஆனவர்களை விட்டுவிடுங்கள். மூடிய இமை மேல், அழுத்தாமல், 45 முதல் 55 மி.மீ.யில் கண் தமனி, ஓட்டம் புரோபை நோக்கி. அது தலைகீழாக உள்ளே ஓடினால் கழுத்துக் கரோடிட்டில் பெரிய அடைப்பு இருக்கலாம், முகத்துத் தமனிகள் பின்வழியாக மூளைக்கு ரத்தம் கடன் கொடுக்கின்றன என்று பொருள்.

பிடரி வழிக்கு நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தாடை நெஞ்சைத் தொடும்படி குனியச் சொல்லுங்கள். குனிந்தால்தான் மண்டையோட்டுக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவே இடைவெளி திறக்கும். கொண்டையை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, பின்மண்டை மேட்டுக்கு ஓர் அங்குலம் கீழே புரோபை வைத்து, மூக்குத் தண்டைக் குறிபாருங்கள். 60 முதல் 75 வரை லேசாகப் பக்கவாட்டில் முதுகெலும்புத் தமனிகள், 80க்கு மேல் 100 வரையும் அதற்கு அப்பாலும், அவை இரண்டும் சேர்ந்து உருவாகும் பேசிலார் தமனி. எல்லாமே கோட்டுக்குக் கீழே.

தாடைக் கோணத்துக்கு அடியில், 40 முதல் 60 மி.மீ.யில், மேல்நோக்கி வைத்தால் மண்டைக்கு வெளியே உள்ள உள் கரோடிட் தமனி. நேரமாகிவிட்டது என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், 10ஆம் பகுதியில் வரும் விகிதத்துக்கு இதன் எண் கட்டாயம்.

9. எண்களைப் படிப்பது

சராசரி வேகத்தைக் கருவியே தரும், ஆனாலும் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உச்ச வேகத்தோடு, இதயம் விரியும் கட்டத்தின் கடைசி வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். உச்சம் 90, கடைசி 42 என்றால், 90உடன் 84, மொத்தம் 174, சராசரி 58. உச்சத்தில் இருந்து கடைசியைக் கழித்து, சராசரியால் வகுத்தால் பி.ஐ. என்ற துடிப்புக் குறியீடு: 48ஐ 58ஆல் வகுத்தால் 0.83. இயல்பு ஏறக்குறைய 0.6 முதல் 1.1.

கையால் போடச் சொல்வதற்குக் காரணம், அலையின் ஓரத்தைக் கருவி தானாக வரையும் கோடு அடிக்கடி இரைச்சலைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமாக இருந்தால் கோடு அலைக்கு மேலே காற்றில் மிதக்கும், சிக்னல் மெலிந்திருந்தால் பள்ளத்தில் விழும், ஆனால் எண் மட்டும் ரொம்ப நம்பிக்கையாக வந்து நிற்கும். இன்னொரு தொல்லை, அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கீழே இருந்து முளைப்பது. அது தலைகீழ் ஓட்டம் கிடையாது, ஸ்கேல் போதவில்லை. ஸ்கேலைக் கூட்டுங்கள், பூஜ்யக் கோட்டைக் கீழிறக்குங்கள்.

பெரியவர்களுக்குச் சராசரி வேகம் எம்.சி.ஏ.வில் 55ஐ ஒட்டி, ஏ.சி.ஏ.வில் 50, பி.சி.ஏ.வும் பேசிலாரும் 40, முதுகெலும்புத் தமனிகளில் 38 அளவு, எல்லாம் பத்துப் பன்னிரண்டு கூடக்குறைய. எண்களைவிட அந்தப் படிவரிசை முக்கியம். எம்.சி.ஏ.வைவிடப் பி.சி.ஏ. வேகமாக ஓடினால் ஏதோ சரியில்லை, தமனியில் இருக்கலாம், நீங்கள் வைத்த பெயரிலும் இருக்கலாம். இரண்டு பக்கமும் 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றாலும் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

10. வேகம் ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது: என்ன பொருள்?

மூளையுறைக்குள் ரத்தக்கசிவு ஆனவர்களுக்கு மூன்று நான்கு நாள் கழித்துத் தமனிகள் இறுகத் தொடங்கும், 7 முதல் 10 நாளுக்குள் உச்சம், இரண்டு வாரத்தில் தணியும். அதனால்தான் முதல் ஸ்கேன் முதல் இரண்டு நாளுக்குள் வேண்டும், இறுகும் முன் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் ஏழாம் நாள் எண்ணை எதோடு ஒப்பிடுவது? எம்.சி.ஏ. சராசரி 120ஐத் தாண்டினால் சந்தேகம், 200ஐத் தாண்டினால் கடுமையான இறுக்கம். ஒரே நாளில் 50 ஏறினால், மொத்த எண் 120க்குக் கீழே இருந்தாலும், உடனே சொல்லிவிடுங்கள், காலை ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்காதீர்கள்.

ஹோஸ் பைப் குழப்பத்தைத் தீர்க்கத்தான் லிண்டகார்ட் விகிதம். எம்.சி.ஏ. வேகத்தை அதே பக்கத்துக் கழுத்துக் கரோடிட் வேகத்தால் வகுங்கள். எம்.சி.ஏ. 150, கழுத்தில் 60 என்றால் 2.5, எல்லா இடத்திலும் ரத்தம் வேகமாக ஓடுகிறது, இறுக்கம் இல்லை. எம்.சி.ஏ. அதே 150, கழுத்தில் 35 என்றால் 4.3, மூளைக்குள் தமனி இறுகியிருக்கிறது. 3க்கு மேல் இறுக்கம், 6க்கு மேல் கடுமை. இந்த இரண்டு நோயாளிகளுக்கும் வைத்தியம் வேறு வேறு, எண்ணோ ஒரே 150.

மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் முதலில் அடிபடுவது கடைசி வேகம்தான். அது இறங்க இறங்கப் பி.ஐ. 1.2க்கு மேல் ஏறும், அலை கூர்மையாகும். ஆனால் நாடி மெதுவாக இருந்தாலும், கார்பன் டை ஆக்சைடு குறைந்திருந்தாலும், இதயத்தின் பெருந்தமனி வால்வு ஒழுகினாலும் பி.ஐ. ஏறும். 2ஆம் பகுதியில் எழுதச் சொன்ன சீட்டு இப்போது கைகொடுக்கும். அழுத்தம் இன்னும் ஏறினால் ரத்தம் முன்னே போய்ப் பின்னே வரும், பிறகு சின்ன முள் போன்ற அலை, பிறகு ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தில் உங்கள் வேலை பதிவு செய்து தருவது மட்டும், மூளைச்சாவு என்று அறிவிப்பது டாக்டர்கள் குழுவின் வேலை. முதல் நாளில் இருந்தே ஜன்னல் கிடைக்காத ஒருவரிடம் "சிக்னல் இல்லை" என்பது எதையும் நிரூபிக்காது.

அரிவாள் செல் நோயுள்ள 2 முதல் 16 வயதுக் குழந்தைகளுக்கு டி.சி.டி. பக்கவாதத்தை முன்கூட்டியே காட்டும் சோதனை. நீலகிரிப் பழங்குடிக் குழந்தைகளிடம் இந்த நோய் உண்டு என்பதால் நம் ஊர் டெக்னீஷியன்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சராசரி வேகம் 200ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், 170 முதல் 199 வரை மறுபடி பார்க்க வேண்டிய நிலை. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஸ்டாப் ஆய்வில், 200ஐத் தாண்டிய குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றியபோது முதல் பக்கவாதம் வருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த 200 படம் காட்டாத கருவியில், கோணத் திருத்தம் இல்லாமல் வந்த எண். கலர் டூப்ளெக்ஸில் எடுத்துக் கோணத் திருத்தமும் போட்டுவிட்டு அதே 200ஐ வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அழுகிற குழந்தையிடமும் எடுக்காதீர்கள், அழுகை மூச்சை மாற்றும்.

11. மூச்சுப் பிடிப்புச் சோதனை

தேவைப்பட்டால் மட்டும். மூளைத் தமனிகளுக்கு இன்னும் விரியும் சக்தி கையிருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இது. எம்.சி.ஏ.வை 50 முதல் 55க்குள் நிலைப்படுத்தி, ஓய்வில் வேகத்தைக் குறித்துக்கொண்டு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து 30 விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். ஆழமாக இழுத்து முக்கிப் பிடித்தால் நெஞ்சழுத்தம் ஏறி வேகம் தானே விழும், கணக்குக் கெட்டுவிடும். முதலில் ஒரு ஒத்திகை பாருங்கள்.

ஓய்வில் 50, கடைசியில் 68 என்றால் உயர்வு 36 சதவீதம், 30ஆல் வகுத்தால் 1.2. இது நல்ல கையிருப்பு. 0.69க்குக் கீழே வந்தால் குறைவு. 22 விநாடிதான் பிடித்தார் என்றால் 22ஆல் வகுங்கள், 30 என்று எழுதாதீர்கள்.

12. ரிப்போர்ட்டும் துடைப்பதும்

ஒவ்வொரு தமனிக்கும் பக்கம், ஆழம், திசை, உச்சம், கடைசி, சராசரி, பி.ஐ. எழுதுங்கள். அதற்கு மேலே ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கார்பன் டை ஆக்சைடு. எந்த ஜன்னல் கிடைத்தது, எது கிடைக்கவில்லை, யார் எடுத்தார், எத்தனை மணிக்கு. நாளைக்கு எடுக்கப்போகிறவர் வேறு ஆளாக இருப்பார், அவர் அதே இடத்தில் தொடங்க உங்கள் சீட்டு ஒன்றுதான் துணை. நான் பொட்டில் புரோப் வைத்த இடத்தைக் காதில் இருந்து எத்தனை விரல் என்று ஓரத்தில் எழுதி வைப்பேன், கேலி செய்தவர்களும் இப்போது எழுதுகிறார்கள்.

முடிவு வரியில் "மூளை ரத்த ஓட்டம் குறைவு" என்று எழுதாதீர்கள். "இடது எம்.சி.ஏ. சராசரி வேகம் 50 முதல் 60 மி.மீ. வரை 150ஐ ஒட்டி, விகிதம் 4.3, நேற்றைவிட 40 அதிகம்" என்று எழுதுங்கள். அதை வைத்து ஓட்டம் என்ன ஆகிறது என்று டாக்டர் முடிவு செய்துகொள்வார்.

புரோபில் ஜெல் காயும் முன் ஈரத்துணியால் துடைத்து, கருவியோடு வந்த புத்தகம் சொல்லும் மருந்தால் சுத்தம் செய்யுங்கள், ஸ்பிரிட் சில புரோப்களின் முகத்தைக் கெடுத்துவிடும். நோயாளியின் காதோரத்தையும் பிடரியையும் நீங்களே துடைத்துவிடுங்கள், கழற்றின தோட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.